ஆறாம் வண்டியின் கண்ணாடி

நவம்பர் 3, திங்கள்

செயற்குழுக் கூட்டம் வழக்கம்போல டாக்டர் கிருபாகரனின் பல் மருத்துவமனை மாடியில் நடந்தது. கீழே யாருக்கோ பல்லைக் குடையும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. எங்கள் கூட்டங்களுக்கு அதுதான் பின்னணி இசை.

டிசம்பர் 14, ஞாயிறு, கோவை பழைய கார் கழகத்தின் வெள்ளி விழா. மொத்தம் முப்பது வண்டிகள். டாக்டர் தலைவர், நான் செயலாளர், நிரஞ்சனா துணைச் செயலாளர். அவளுக்கு முப்பது வயது. அப்பா விட்டுப்போன அம்பாசடரை அவரைவிட நன்றாக ஓட்டுகிறாள். வேலைப் பிரிவினை எளிது. டாக்டர் கனவு காண்பார், நிரஞ்சனா அதைக் கணினியில் ஏற்றுவாள், மிச்சமெல்லாம் திருமூர்த்தி தலையில்.

பயணத்துக்குப் பொள்ளாச்சி என்று சொன்னேன். சமதரை, மர நிழல், வழியெல்லாம் இளநீர். டாக்டர் ஒப்பவில்லை. "கோத்தகிரிதான் சார். ரெண்டாயிரத்துல நம்ம மொத ரன்னே அங்கதானங்க போச்சு?" என்றார். ஒன்பது கைகள் உயர்ந்தன. மலையேற்றத்தில் பழைய வண்டிகள் சூடாகும் என்று எடுத்துச் சொன்னேன். "உங்க ஹெரால்டுக்கு என்னங்க சார், கண்ணாட்டம் பாத்துக்கறீங்க" என்றார். என்னுடையது 1968 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஆகாய நீலம். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "ஜெயசீலன் சாரக் கூப்புடணும். கழகத்த ஆரம்பிச்சவரே இல்லாம என்னங்க வெள்ளி விழா?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் என்பதால் பார்த்தார்கள். வேறு காரணம் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. 2014க்கு முந்தைய ஆட்களில் கழகத்தில் மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான்.

நவம்பர் 5, புதன்

வாட்ஸ்அப் குழுவில் ஒரு எளிய கேள்வி கேட்டேன். குடும்பத்தில் எத்தனை பேர் வருவீர்கள்? பதில்கள்: பதினெட்டுக் கும்பிடு, நான்கு ரோஜாப்பூ, ஒரு பிறந்தநாள் வாழ்த்து, டாக்டரின் நாலு நிமிடக் குரல் பதிவு. எண்ணிக்கை சொன்னவர் ஒருவர். அவரும் மாலையில் மாற்றிவிட்டார்.

டீ-சர்ட் நிறம் பற்றி மட்டும் இருநூறு செய்திகள். முப்பத்து நான்கு ஆண்டுகள் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தேன். நசுங்கிய பம்பரைப் பார்த்து யார் மீது தவறு என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தவன். இங்கே மெரூனா நீலமா என்பதை முடிக்க முடியவில்லை.

நவம்பர் 8, சனி

நிரஞ்சனா வீட்டுக்கு வந்தாள். முப்பத்தொரு வண்டியும் ஒருவரை ஒருவர் தவறவிடாமல் மலையேற, கைபேசியில் எல்லாருடைய இருப்பிடமும் தெரிகிற மாதிரி ஏதோ ஏற்பாடு செய்யலாம் என்றாள். "பாதி எடத்துல சிக்னலே இருக்காதும்மா" என்றேன்.

"அப்ப அந்தக் காலத்துல எப்படிப் போனீங்க அங்கிள்?"

சொன்னேன். எங்களுக்கு ஒரே விதி. உன் பின்கண்ணாடியில் பின்வண்டி தெரிய வேண்டும். தெரியவில்லையா, நில். நீ நின்றால் உன் முன்வண்டியின் கண்ணாடியில் நீ மறைவாய், அவன் நிற்பான். அப்படியே முதல் வண்டி வரைக்கும் செய்தி போய்விடும். போனும் வேண்டாம், ஒயர்லெஸ்ஸும் வேண்டாம். கழகத்தை ஆரம்பித்தவனே எப்போதும் கடைசி வண்டியில் வருவான், எல்லாரையும் பார்த்துக்கொண்டு. கழகத்தின் பொதுக் கருவிப்பெட்டி அவனுக்கு முன்னால் போகும் செயலாளர் வண்டியில் இருக்கும்.

நிரஞ்சனா கண்கள் விரியக் கேட்டாள். "சூப்பர் அங்கிள்! இத யார் கண்டுபிடிச்சா?"

"ஜெயசீலன்" என்றேன். காபி கொண்டுவந்த வசுமதி தம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

நவம்பர் 11, செவ்வாய்

விழா மலருக்காக நிரஞ்சனா பழைய மினிட்ஸ் புத்தகங்களைப் படமெடுத்து வருகிறாள். இன்று போனில் கேட்டாள்: "அக்டோபர் 2014 கோத்தகிரி ரன்னுல என்ன அங்கிள் ஆச்சு? அடுத்த மீட்டிங்குல ஜெயசீலன் சார் ராஜினாமா பண்ணிருக்காரே."

மினிட்ஸில் எல்லாம் இருக்கிறது. நான்தான் எழுதினேன். 'ஏழாம் எண் வண்டி (ஃபியட் 1100, திரு. ஜெயசீலன்) முன்னறிவிப்பின்றி வரிசையிலிருந்து விலகியதால் தொடர்பு அறுந்தது.' தெளிவான வாக்கியம். என் ரிப்போர்ட்டுகள் எல்லாமே அப்படித்தான் இருக்கும். எந்தக் கோர்ட்டிலும் நின்றிருக்கின்றன.

அதையே மலரில் 'கழக வரலாறு' கட்டுரையில் போடச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். விழாவுக்குக் கூப்பிட்டுவிட்டு அதில் குற்றம் சொன்னால் நன்றாக இருக்காது.

நவம்பர் 15, சனி

அழைப்பிதழ்கள் போய்விட்டன, ஒன்றைத் தவிர. ஜெயசீலனுக்குத் தபாலில் அனுப்பினால் மரியாதையாக இருக்காது.

நவம்பர் 18, செவ்வாய்

வரலாற்றுப் பத்தியை ஐந்து முறை மாற்றினேன். இப்போது இப்படி இருக்கிறது: '2014இல் ஏற்பட்ட ஒரு தகவல் தொடர்புக் குறைபாட்டால் நிறுவனர் திரு. ஜெயசீலன் கழகத்தை விட்டுப் பிரிய நேர்ந்தது.' யாரையும் குறை சொல்லவில்லை. மழையைச் சொல்வது மாதிரி.

நிரஞ்சனா படித்துவிட்டு, "தகவல் யார்ட்ட இருந்து யாருக்குப் போகல அங்கிள்?" என்று கேட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் தோண்டுகிற புத்தி. அச்சுக்கு அனுப்பிவிடு என்றேன்.

வசுமதி இரண்டாவது முறை கேட்டாள்: "போத்தனூருக்கு எப்பங்க போறோம்?" இந்த வாரம் என்றேன். போன வாரமும் அதையேதான் சொன்னேன்.

நவம்பர் 23, ஞாயிறு

போனோம். வசுமதி தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அழைப்பிதழ் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். ஹெரால்டை எடுக்கவில்லை, ஆட்டோவில் போனோம். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

வீட்டின் பின்பக்கம் ஜெயசீலனின் பட்டறை. ஞாயிற்றுக்கிழமையும் லேத் ஓடிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் கதவைத் திறந்தாள். தலை நரைத்திருக்கிறது. குரல் அப்படியே இருக்கிறது. "வாங்கண்ணே, வாங்க மதினி. இப்பத்தான் போத்தனூருக்கு வழி தெரிஞ்சுச்சா?"

நான் உட்கார்ந்து விழாவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் லேத் நின்றது. நான் நிறுத்தியதும் லேத் மறுபடி ஓடியது. மூன்று முறை இப்படி. நான் பேசுவது அங்கே கேட்கிறது என்று புரிந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சொல் திக்கியது.

ரோஸ்லின் அழைப்பிதழைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "அவுரு பேருக்குப் பக்கத்துல 'முன்னாள் உறுப்பினர்'னு போட்டுருக்குதே அண்ணே."

பிரஸ்காரன் தவறு என்றேன்.

"ஓ" என்றாள். நம்பவில்லை. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான். 'நிறுவனர்' என்று அடிக்கப் போன விரல் ஏன் அப்படி அடித்தது என்று எனக்கே தெரியவில்லை.

டீயும் கேக்கும் வந்தன. வசுமதி, "ஒடம்பு இப்ப எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டாள். "மழக்காலத்துல மட்டும் இழுக்கும் மதினி. அந்தக் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு அப்புறம் அப்படியே பழகிப்போச்சு" என்றாள் ரோஸ்லின். யாரையும் குத்திச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வாசல்வரை வந்து சொன்னாள்: "கேட்டுச் சொல்றேன். வரலாம், வராமயும் போவலாம். அவுரு அப்ப ஒரு கேள்வி கேட்டாரில்லீங்களா, அதுக்கு இன்னும் பதில் வரலன்னு சொல்லிட்டே இருப்பாரு."

ஆட்டோவில் உக்கடம் தாண்டிய பிறகுதான் வசுமதி, "கேக்கு நல்லா இருந்துச்சு" என்றாள்.

நவம்பர் 24, திங்கள்

அந்தக் கேள்வியை எழுதி வைக்கிறேன். ராஜினாமா செய்த கூட்டத்தில் அவன் எழுந்து நின்று கேட்டான்: "மூர்த்தி, கண்ணாடில நீ பாத்தியா?"

"மழடா. கண்ணாடி மங்கிப் போச்சு. ஒண்ணும் தெரியல" என்றேன். அவன் சட்டைப்பையிலிருந்து ராஜினாமாவை எடுத்து மேசையில் வைத்தான். முன்பே எழுதிக் கொண்டுவந்திருந்தான்.

நடந்தது இவ்வளவுதான். அன்று ஏழு வண்டிகள். நான் ஆறு, அவன் ஏழு. மழையில் மலை ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு சின்னப் பாலத்துச் சுவர் இருக்கும் வளைவில் அவன் ஃபியட்டின் ஃபேன் பெல்ட் அறுந்து, ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. பின்னால் வண்டி இல்லை, போனில் சிக்னல் இல்லை. இரண்டரை மணி நேரம். ரோஸ்லினுக்கு மூச்சிரைப்பு வந்து, கேரட் லாரி ஒன்று அவளைக் கோத்தகிரிக்குக் கொண்டு சேர்த்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரி. நான் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போனேன். நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது.

முடிந்திருக்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

இன்னொன்று. அவன் வண்டிக்கான மாற்று பெல்ட் பொதுக் கருவிப்பெட்டியில் இருந்தது. பெட்டி என் டிக்கியில் இருந்தது.

நவம்பர் 28, வெள்ளி

ரோஸ்லினின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. பட்டறைச் சீட்டில் பென்சிலால்:

'கடைசி வண்டி நான். எனக்கு முன்னால் திருமூர்த்தி. அப்படியென்றால் வருகிறேன். ஜெ.'

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயசீலன் முதல் வண்டியாகப் போக, பக்கத்திலேயே செயலாளர் வண்டி பேனரோடு போக வேண்டும் என்று அவர் திட்டம். "வி.ஐ.பி. எங்கயாச்சும் கடைசீல வருவாருங்களா சார்?" என்றார். கழக வழக்கம் அது என்றேன். என் இடம் இரண்டிலிருந்து முப்பதுக்குப் போகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை.

காலையிலிருந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'எனக்கு முன்னால்' என்ற இடத்தில் பென்சில் அழுந்தியிருக்கிறது. அல்லது எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன் என்று வசுமதி சொல்கிறாள்.

டிசம்பர் 1, திங்கள்

ஹெரால்டை சிங்காநல்லூர் மெக்கானிக் கனகுவிடம் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "கிளட்ச் வழுக்குதுங்க சார். சமதரைல ஓடும். மலைல ஓட்டத்துல போயிட்டே இருந்தா ஏறிடும். ஏத்தத்துல நிறுத்திட்டீங்கன்னா மறுக்கா எடுக்காது."

புது பிளேட் வர இரண்டு வாரம் ஆகுமாம். "ஜெயசீலண்ணன்ட்ட குடுத்தீங்கன்னா ரெண்டே நாள்ல லைனிங் ஒட்டிக் குடுத்துருவாருங்க. அவராட்டம் இந்த வேலை செய்ய கோயமுத்தூர்ல ஆளில்ல."

தெரியும். 2014இலும் தெரியும். அப்போதும் இதே கிளட்ச்தான். ஜெயசீலன் தானே செய்து தருவதாகச் சொன்னான். எதற்கெடுத்தாலும் அவனிடம் போய் நிற்க வேண்டுமா என்று எனக்கு ஒரு வீம்பு. வேறு இடத்தில் போட்டேன். "உன் வேலைக்கும் இதுக்கும் என்னடா வித்தியாசம்?" என்று எல்லார் முன்னாலும் பீற்றிக்கொண்டேன். மேட்டுப்பாளையம் தாண்டியதுமே அது வழுக்க ஆரம்பித்தது.

ஏற்றத்தில் நிறுத்தியிருந்தால் வண்டி நகர்ந்திருக்காது. எல்லாரும் இறங்கி வந்து தள்ளியிருப்பார்கள். அவனும் தள்ளியிருப்பான்.

இதை எழுதிவிட்டுப் படித்தேன். ரிப்போர்ட்டுக்கு யாராவது இப்படி ஒரு காரணம் சொல்லியிருந்தால் அந்த ஆளைப் பார்த்துச் சிரித்திருப்பேன்.

டிசம்பர் 4, வியாழன்

டீ-சர்ட் மெரூன் என்று முடிவானது. எனக்கு எல்.

டிசம்பர் 6, சனி

ஹெரால்டுக்கு உடம்பு சரியில்லை, நான் டாக்டர் காரில் வருகிறேன் என்று குழுவில் போட ஒரு செய்தி தட்டச்சு செய்து வைத்திருந்தேன். காரணம் உண்மைதான். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அனுப்பவில்லை, சும்மா வைத்திருந்தேன்.

மதியம் வசுமதி புடவை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கெழம நான் நம்ம வண்டிலதான் வருவேன். முன்னாடி சீட்டுல."

"கிளட்ச் சரியில்லம்மா."

"அன்னைக்கும்தான் சரியில்ல. ஏறலீங்களா?"

பதினோரு வருடங்களில் அந்த நாளைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது. அடுத்த புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் அந்தச் செய்தியை அழித்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

விழா மலர் முந்நூறு பிரதிகள் வந்துவிட்டன. அட்டை நன்றாக இருக்கிறது. பதினேழாம் பக்கத்தைத் திறந்து 'தகவல் தொடர்புக் குறைபாடு' என்பதைப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை.

டிசம்பர் 10, புதன்

வசுமதி எதையும் மறப்பவள் இல்லை. அவன் ராஜினாமா செய்த கூட்டத்தில் எல்லாரையும் விசாரித்தார்கள். மனைவிமார்கள் அப்போது உறுப்பினர்கள் இல்லை, வெளி அறையில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று மலையேறும்போது காரில் அவள் சொன்னாள். "ஏனுங்க, பின்னாடி அண்ணன் வண்டியக் காணமுங்க" என்றாள். "வந்துருவான்" என்றேன். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தரம் சொன்னாள். நான் வைப்பரை வேகமாக்கினேன்.

டிசம்பர் 13, சனி

டயர், எண்ணெய், தண்ணீர் பார்த்தாயிற்று. பின்கண்ணாடியைத் துடைத்தேன். நான்கு முறை.

டிசம்பர் 15, திங்கள்

நேற்றைக்கு எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு ரேஸ்கோர்ஸில் முப்பது வண்டிகள் நின்றன. ஃபியட்டைக் காணோம். டாக்டர் பத்து முறை கடிகாரம் பார்த்தார். ஆறு ஐம்பதுக்கு வந்தான். பால் வெள்ளை ஃபியட், துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளத்தது. பதினோரு வருடம் வெளியே எடுக்காத வண்டி என்று சொல்ல முடியாது. டாக்டர் ஓடிப்போய் மாலை போட்டார். மாலையைக் கழற்றி ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டு நேராக வரிசையின் கடைசிக்குப் போய் நிறுத்தினான். என் பக்கம் திரும்பவில்லை. குனிந்து டயரைத் தட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

வழியெல்லாம் நான் முன்னால் பார்த்ததைவிடப் பின்னால் பார்த்ததுதான் அதிகம். கண்ணாடியில் ஃபியட்டின் இரண்டு வட்ட விளக்குகள். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், மேட்டுப்பாளையம், எல்லா இடத்திலும் அதே தூரத்தில் அந்த இரண்டு விளக்குகள். ஒரு முறைகூட நெருங்கவில்லை, விலகவில்லை.

மலை ஏறத் தொடங்கியதும் தூறல் பிடித்தது. கிளட்ச் வழுக்கியது. இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கருகல் வாசனை உள்ளே வந்தது. நிற்காமல் போனால் ஏறிவிடும் என்று கனகு சொன்னது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பாலத்துச் சுவர் வந்தது. வளைந்தேன். கண்ணாடியைப் பார்த்தேன்.

விளக்குகள் இல்லை.

வசுமதி எதுவும் சொல்லவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். வளைவில் மறைந்திருக்கலாம், இதோ வந்துவிடும் என்று எண்ணினேன். ஐந்து வரை எண்ணியிருப்பேன். வரவில்லை. பிரேக்கை மிதித்தேன்.

ஹெரால்டு ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. கைப் பிரேக்கை இழுத்தேன். எனக்கு முன்னால் நிரஞ்சனாவின் அம்பாசடர் நின்றது. அதற்கு முன்னால் இன்னொன்று. மேலே வளைவு வளைவாக ஒவ்வொன்றாக நின்றன. எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர் எட்டிப் பார்த்து ஏதோ திட்டினார். நான் டிக்கியைத் திறந்து கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் கீழே இறங்கி ஓடினேன். அறுபத்து நான்கு வயதில் அதை ஓட்டம் என்று சொல்லலாமா தெரியவில்லை.

சுவர் ஓரமாக ஃபியட் நின்றது. பானட் மூடியிருந்தது. ஆவி இல்லை, புகை இல்லை. இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஜெயசீலன் கையைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். ரோஸ்லின் பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தாள்.

"என்னாச்சு?" என்றேன். மூச்சு வாங்கியது.

"ஒண்ணும் ஆகல."

"அப்பறம் ஏன்டா நின்ன?"

"நீ நிக்கிறியான்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முப்பது வண்டி நடுரோட்டுல நிக்குது. என் கிளட்ச் போச்சு. வெளயாட்டா இருக்குதா உனக்கு?" என்று கத்தினேன். அவன் என் கையில் இருந்த கருவிப்பெட்டியைப் பார்த்தான். அதே பெட்டி. பச்சை பெயின்ட், மூடியில் அவன் கையால் எழுதிய கழகத்தின் பெயர். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பெட்டியைக் கீழே வைத்தேன்.

"சீலா, அன்னைக்கு நான் பாத்தேன்டா. கண்ணாடில நீ இல்லங்கறதப் பாத்தேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மேல் வளைவுல உன் பிரேக் லைட் ஒருக்கா எரிஞ்சுது. நிக்கறான்னு நெனச்சு ரோஸ்லின்ட்டகூடச் சொன்னேன். அப்பறம் அணைஞ்சு போச்சு."

அந்த ஒரு மிதி. அதை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. மிதித்தேன், காலை எடுத்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். பின்னால் நின்றவனுக்குத் தெரியும் என்பது முப்பத்து நான்கு வருட சர்வேயருக்குத் தோன்றவில்லை.

"நின்னா மறுபடி எடுக்காதுன்னு பயந்துட்டேன். கிளட்ச் வழுக்குச்சு. உன்ட்டக் குடுக்காம வேற எடத்துல போட்டேனில்ல. நீ வந்து தள்ளுவ, எல்லாரும் பாப்பாங்க. அதான்டா" என்றேன்.

ஜெயசீலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். வெகுநேரம் துடைத்தான்.

"கிளட்ச்சா?" என்றான். "வெறும் கிளட்ச்சுக்காகவாடா? பதினோரு வருசமா நான் உனக்கு என்ன துரோகம் பண்ணுனேன்னு யோசிச்சுட்டு இருந்தேன்டா. உன் மகள் கல்யாணத்துல எதுனா பேசிட்டனா, உங்கிட்ட வாங்குன எதையாவது திருப்பித் தரலையா, ஒண்ணொண்ணா நெனச்சு நெனச்சுப் பாத்தேன். கிளட்ச்சா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் நின்றதால் மரியாதை தப்பித்தது. மன்னித்துவிடு என்று சொன்னேனா என்று நினைவில்லை. சொன்னதாக வசுமதி சொல்கிறாள். அவள் குடையோடு எப்போது இறங்கி வந்தாள் என்றும் நினைவில்லை.

ரோஸ்லின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். "டீ ஆறுது. மொதல்ல குடிங்கண்ணே, அப்பறம் அழுவலாம்."

அதற்குள் மேலிருந்து டாக்டர் மெரூன் டீ-சர்ட்டோடு மூச்சு வாங்க இறங்கி வந்தார். நிரஞ்சனா அவருக்கு முன்னால் வந்துவிட்டாள். "அங்கிள், நெஜமாவே வேல செஞ்சுச்சு! மொத வண்டி வரைக்கும் நின்னுருச்சு, ஒரு போன்கூட இல்லாம!" என்றாள். ஜெயசீலன் அவளைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தான்.

கனகு சொன்னபடியே ஹெரால்டு எடுக்கவில்லை. பத்துப் பேர் தள்ளினார்கள். ஜெயசீலன் இடதுபக்க பம்பரைப் பிடித்துத் தள்ளினான். அப்போதும் அசையவில்லை. கடைசியில் நிரஞ்சனாவின் அம்பாசடரில் கயிறு கட்டி இழுத்தார்கள். கோவை பழைய கார் கழகத்தின் செயலாளர் வெள்ளி விழாவுக்குக் கயிற்றில் போய்ச் சேர்ந்தார். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் தடுக்கவில்லை.

இரண்டு மணி நேரம் தாமதம். சாப்பாடு ஆறிப்போய், பேச்சுகள் சுருங்கி, மலர் வெளியீட்டுக்கு நேரமில்லாமல் போய்விட்டது. முந்நூறு பிரதிகளும் பெட்டி பிரிக்காமல் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டன.

கிளம்பும்போது ஜெயசீலன் என் கருவிப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். பெல்ட் அதே இடத்தில் இருந்தது, காய்ந்து வெடித்து. அதை எடுத்துத் தன் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். "புதுசு வாங்கி வெய்யி. செவ்வாக்கெழம வண்டியப் பட்டறைக்கு எடுத்துட்டு வா. ஆட்டோல வராத" என்றான்.

டிசம்பர் 16, செவ்வாய்

ஹெரால்டைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கிளட்ச் பிளேட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவன்டா போட்டது இத?" என்று அரை மணி நேரம் திட்டினான். நன்றாக இருந்தது.

டிசம்பர் 19, வெள்ளி

மலரின் பதினேழாம் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு சீட்டு அச்சடிக்க வேண்டும். டாக்டரிடம் சொன்னேன். "இதெல்லாம் எதுக்குங்க சார், சமாதானந்தான் ஆயாச்சே" என்றார். மினிட்ஸில் தவறு இருக்கிறது, செயலாளர் திருத்த வேண்டும் என்றேன். கூடத்தில் முந்நூறு பிரதிகளையும் பிரித்து, பசை டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, சீட்டை எழுத உட்கார்ந்தேன். சீட்டின் வாசகம்:

'திருத்தம். அக்டோபர் 2014 கோத்தகிரிப் பயணத்தில் ஏழாம் எண் வண்டி வரிசையிலிருந்து விலகவில்லை. அது பழுதாகி நின்றது. அது கண்ணாடியில் மறைந்ததை ஆறாம் எண் வண்டியை ஓட்டிய செயலாளர் திருமூர்த்தி பார்த்தார். விதிப்படி நிறுத்தவில்லை.'

வசுமதியிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சுங்க" என்றாள்.

"என்ன?"

பென்சிலை வாங்கி, கடைசி வாக்கியத்துக்கு முன்னால் அவளே எழுதினாள். 'பக்கத்தில் இருந்த வசுமதி இரண்டு முறை சொல்லியும்.'

அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.